ரோமாபுரி மாமாவுக்கு வந்த தீட்டு

ரோமாபுரி சாம்ராஜ்யம் ஏன் விழுந்தது என்பதற்குச் சரித்திரப் பேராசிரியர்கள் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவிலிருந்து ஒரு சமையல்காரர் அந்தப் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தார், ஆனால் ஆயிரத்தைந்நூறு வருஷம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தார். கொஞ்சம் முன்னாடி போயிருந்தால் சாம்ராஜ்யம் இன்றைக்கும் இருந்திருக்கும். சிப்பாய்களுக்கு வாரம் இரண்டு தடவை பாயசமும் கிடைத்திருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும், அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை. கல்யாணச் சமையலை எங்கள் தெருவில் தேஹண்டம் என்போம். அதனால் முதலில் தேஹண்டம் மாமாவாக இருந்தார், பிற்பாடு ரோமாபுரி மாமா ஆனார். ஆறடி உயரம், காதில் கடுக்கன், தோளில் ஈரத்துண்டு. நாற்பது வருஷம் அடுப்பின் முன்னால் நின்றதில் புருவம் பாதி கருகிப் போயிருந்தது. ஐந்நூறு பேருக்கு ஓலனும் எரிசேரியும் கண்ணை மூடிக்கொண்டு பண்ணுவார். மாமி காலமாகிவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. வாடகைக்கு ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிது. கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நான் மூன்று கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, ஜாதகம் எல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கம்ப்யூட்டர் பழசாக வாங்கியது. விற்றவர் அழிக்க மறந்துபோன ஒரு விளையாட்டு அதற்குள் இருந்தது. ரோமாபுரிப் பட்டாளத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் காலம் தள்ளவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. காலையில் மூட்டை சுமந்து நடை, சாயங்காலம் பள்ளம் தோண்டி முகாம், முறை வைத்துக் காவல். சண்டை எப்போதாவதுதான் வரும். நான் இரண்டு நாள் விளையாடிக் கொட்டாவி விட்டு நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் மாமா ஏதோ கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்ட் அடிக்க வந்தார். பிரிண்டர் மக்கர் பண்ணியது. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். திரையில் ஒரு சிப்பாய் திரிகைக் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எடா அம்பி, ஆருடா இவன்? இத்தனை நேரமா கோதம்பு அரைச்சிண்டே இருக்கானே?”

“பட்டாளக்காரன் மாமா.”

“பட்டாளக்காரனுக்கு மாவரைக்க ஆள் கெடையாதா?”

“எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம் மாமா. அவாளே அரைச்சு, அவாளே ரொட்டி சுட்டுத் திங்கணும். ஒரே பானை, ஒரே திரிகை, மூட்டை தூக்க ஒரே கோவேறு கழுதை.”

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். “தள்ளு. அவன் கை அரைக்கற கையே இல்லை.”

அன்று உட்கார்ந்தவர்தான். தேஹண்டம் இல்லாத நாளெல்லாம் நாலு மணிக்கு வந்துவிடுவார், ஏழு மணிக்கு நான் கடை சாத்தும்வரை எழுந்திருக்க மாட்டார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. திரையில் வருவதை நான் படித்துச் சொல்லவேண்டும். என்ன செய்யவேண்டும் என்று அவர் முடிவு செய்வார், அந்த முடிவுகள் எந்த ரோமாபுரிக்காரனும் எடுத்திருக்க முடியாதவை.

முதல் தகராறு சாப்பாட்டில் வந்தது. சிப்பாய்க்குப் பன்றிக்கறி படி அளந்தார்கள். மாமா அதைத் தொடவிடவில்லை. சிப்பாயின் பலம் இறங்கிக்கொண்டே வந்து, நடக்கும்போது மூட்டையோடு குப்புற விழுந்தான். “பால்கட்டி குடுக்கறான்னு சொன்னயே, அதைக் குடு. பால்தானே?” என்றார். அதிலிருந்து சைவச் சிப்பாய் பால்கட்டியிலும் பருப்பிலும் உயிர் வாழ்ந்தான். காடி கலந்த புளிப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்ததை மட்டும் மாமா மனதாரப் பாராட்டினார். “நம்ம சம்பாரம், இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர் மாதிரியாக்கும். வெயில்ல நடக்கறவனுக்கு வெறும் மோரைக் காட்டிலும் நல்லது. வெவரம் தெரிஞ்சவா.”

இரண்டாவது தகராறு ராகுகாலம். நூறு பேருக்கு ஒரு தலைவன் உண்டு, கையில் பிரம்பு வைத்திருப்பான். மாமா அவனைக் காரியஸ்தன் என்று கூப்பிடுவார். காரியஸ்தன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பச் சொன்னான்.

“ஒன்பது வரைக்கும் ராகுகாலம். எறங்கமாட்டேன்னு சொல்லிடு.”

“அதைச் சொல்றதுக்கு இதுல பட்டன் இல்லை மாமா.”

“அப்போ பேசாம நில்லு.”

நின்றோம். பிரம்படி விழுந்தது. அதோடு ஒரு வாரத்துக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி. பட்டாளத்தில் அதுதான் பெரிய அவமானமாம். மாமாவுக்கு அது கொஞ்சமும் உறைக்கவில்லை. “பார்லிக் கஞ்சி வயித்துக்குக் குளிர்ச்சி. இதைப் போய் தண்டனைங்கறானே, சமைக்கத் தெரியாத பய” என்று காரியஸ்தனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

கூடாரத்தில் இருந்த மற்ற ஏழு பேரில் லூசியஸ் என்று ஒருவன். மாமா அவனை லச்சு என்று கூப்பிட்டார். மாமாவின் சிப்பாய் குப்புற விழுந்தபோது மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். விளையாட்டை எழுதினவன் அதை ஒரு வரியில் எழுதியிருந்தான். மாமாவுக்கு அது பெரிய சமாசாரமாகிவிட்டது. கடைக்குள் நுழையும்போதே “லச்சு எப்படி இருக்கான்?” என்பார்.

இதெல்லாம் என் கடைக்குள் நடந்தவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. பட்டாளம் சமையலறைக்குள் புகுந்தபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. கரமனையில் ஒரு கல்யாணத்தில், சமையல் பந்தலைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, மண்ணை உள்பக்கம் வரப்பாகக் குவித்துவிட்டார். நாயும் மாடும் வராதாம். நாயும் மாடும் வரவில்லைதான். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார், பட்டு வேஷ்டியோடு பள்ளத்துக்குள் போனார்.

அடுத்த கல்யாணத்தில் சாமானும் பாயசமும் வைக்கிற உக்கிராண அறைக்குக் காவல் போட்டார். பரிமாறுகிறவன் உள்ளே வந்து பாயசம் எடுக்க ரகசியச் சொல் சொல்லவேண்டும். அன்றைய சொல் ‘வெண்டைக்காய்’. பரிமாறுகிறவனுக்குப் பந்தி நடுவில் அது மறந்துபோயிற்று. கத்தரிக்காயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். வாசலில் நின்ற காவல்காரர் அசையவில்லை. சம்பந்தி உட்பட அந்தப் பந்தி முழுவதும் பாயசம் இல்லாமல் மோருக்குப் போனது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு நேரம் பார்த்து மழை கொட்டியது. சமையல் பந்தலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் முப்பதடி வெட்டவெளி. சமையல் ஆட்கள் எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பெரிய தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கி விளிம்போடு விளிம்பு சேர்க்கச் சொன்னார் மாமா. ரோமாபுரிச் சிப்பாய்கள் கேடயத்தைக் கூரையாகப் பிடித்து நடப்பதை அவர் திரையில் பார்த்திருந்தார். அந்தக் கூரைக்கு அடியில் சக்கப்பிரதமன் என்ற பலாப்பழப் பாயச உருளியை வேறு இரண்டு பேர் தூக்க, “இடது, வலது” என்று மாமா தாளம் போட, ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் பிரதமன் கூடம் வந்து சேர்ந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். ரோமாபுரி மாமா என்ற பட்டம் அன்றைக்குத்தான் நிலைத்தது.

இந்தச் சமயத்தில் நான் செய்துகொண்டிருந்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் அவ்வப்போது ‘சேவ்’ பண்ணி வைக்கலாம். சிப்பாய் செத்தால், சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் பிழைக்கலாம். இது மாமாவுக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது ஒரே உயிர், ஒரே சர்வீஸ். ஆற்றைக் கடக்கும்போது அம்பு வந்தால் நிஜமாகவே அவர் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு நிற்பார். அதைப் பார்த்தபின் எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. அவர் காபி குடிக்கக் கீழே போன நேரத்திலும் உட்கார்ந்தபடியே தூங்கின நேரத்திலுமாக மூன்று தடவை செத்துப்போனார். மூன்று தடவையும் அவருக்குத் தெரியாமல் நான் உயிர் கொடுத்து வைத்தேன்.

அதுபோலவே இன்னொன்று. தினமும் ஆறு மணிக்கு மாமா சந்தியாவந்தனத்துக்கு எழுந்துவிடுவார். பின்பக்கக் குழாயடியில் கை கால் கழுவி, மேற்கே பார்த்து உட்கார்ந்து, அரைமணி நேரம். அந்த நேரம் நான் ஒரு பட்டனைத் தட்டி விளையாட்டை நிறுத்தி வைப்பேன். மாமா என்ன நினைத்திருந்தார் தெரியுமா? தான் சந்தி பண்ணும்போது ரோமாபுரியிலும் எல்லோரும் சந்தி பண்ணுகிறார்கள் என்று.

ஒன்றேகால் வருஷம் ஓடியதில் அங்கே இருபத்தோரு வருஷ சர்வீஸ் முடிந்திருந்தது. இருபத்தைந்து முடித்தால் சிப்பாய்க்கு நிலம் தருவார்கள் என்று ஆரம்பத்திலேயே நான் படித்துச் சொல்லியிருந்தேன். மாமா அதை விடவில்லை. என் மேஜையிலிருந்த பழைய பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருந்தார். கிழக்கே வாசல், பின்னால் பசு, வேலியோரம் இரண்டு பலா, கறிவேப்பிலை. அறுபத்திரண்டு வயதுவரை ஒருத்தர் வீட்டில் வாடகைக்கு இருந்த மனிதர். “இன்னும் நாலு வருஷம்டா அம்பி. மூணு மாசத்துல தள்ளிடலாம். பின்னே நம்ம மண்ணு” என்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

அப்போதுதான் என் தங்கை ராஜிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். தேஹண்டம் மாமாதான், அதில் பேச்சே இல்லை. நானூறு இலை. அதற்கு முந்தின திங்கட்கிழமை சாயங்காலம் நான் தம்பானூருக்குப் போயிருந்தேன், பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு லாட்ஜில் அறை சொல்ல. கடையில் மாமா மட்டும். திரையில் அவருடைய சிப்பாய் முகாம் வாசலில் காவல். உள்ளே கூடாரத்தில் லச்சு காய்ச்சலோடு படுத்திருக்கிறான். ஆறு மணி அடித்தது. மாமா எழுந்து சந்தி பண்ணப் போய்விட்டார். பட்டனைத் தட்ட நான் இல்லை.

நான் திரும்பி வந்தபோது மாமா திரைமுன் நின்றுகொண்டிருந்தார், கையில் பஞ்சபாத்திரம் அப்படியே. “இதுல எந்தோ எழுதியிருக்கு. வாசி” என்றார். எதிரிகள் காவலைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டார்கள். லூசியஸ் கூடாரத்திலேயே கொல்லப்பட்டான். அப்படித்தான் எழுதியிருந்தது. படித்தேன். மாமா குழாயடிக்குப் போய், கட்டின வேஷ்டியோடு தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, ஈரத்தோடு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே ஏறாமல் தெருவில் நின்றே அப்பாவைக் கூப்பிட்டார். “எனக்குப் பத்து நாள் தீட்டு. தேஹண்டத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்கோ.”

அப்பா பதறிப்போனார். “ஐயோ, ஆரு தவறிட்டா?”

“லச்சு.”

எந்த லச்சு என்று அப்பா விசாரித்து, விவரம் புரிந்து, என் பக்கம் திரும்பிய விதத்தை இங்கே எழுத முடியாது. “ஒன்னோட கடையும் ஒன்னோட பொட்டியும்! முகூர்த்த மாசத்துல மூணு நாளைக்குள்ள நானூறு இலைக்கு ஆளை எங்கேடா தேடுவேன்?” என்று அவர் கத்தியது வலியசாலைக் கோயில்வரை கேட்டிருக்கும். ராஜி உள்ளே அழ ஆரம்பித்துவிட்டாள். தெருவில் இருந்த மற்ற இரண்டு தேஹண்டக்காரர்களும் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சாஸ்திரிகளை அழைத்து வந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓய், மொதல்ல அவன் ஒமக்கு ஞாதியில்லை, ரத்த பந்தமே இல்லை. ரெண்டாவது, ஒரு வருஷம் கழிஞ்சு சாவு சேதி கேட்டாலே ஒரு ஸ்நானத்தோட சரி. இவன் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சேய்யா!” என்றார்.

“அவன் போனது நேத்து சாயங்காலம் ஆறேகாலுக்கு. நான் பாத்தேன்” என்றார் மாமா. “இருபத்தோரு வருஷம் ஒரே பானையில சாப்பிட்டோம், ஒரே கூரையில கெடந்தோம். இதுக்கு மேலே என்ன ஞாதி?”

சாஸ்திரிகள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நான் மட்டும் மாமாவின் அறைக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தார். “தீட்டுன்னு சாஸ்த்ரத்துக்கா சொல்றேன்? காவல் நிக்கவேண்டியவன் நானாக்கும். நான் எழுந்து போனேன், அவன் போயிட்டான். இந்த மனசோட கரண்டியைப் பிடிச்சா ராஜி கல்யாணத்துக்கு உப்பு நிக்காதுடா.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சேவ் பண்ணுவது, திரும்பிப் போவது, நான் பட்டன் தட்டி நிறுத்தி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தும்போது சேவ் பண்ணியிருக்கிறேன், அங்கே போனால் லச்சு உயிரோடு இருப்பான் என்றேன். அவர் துள்ளி எழுவார் என்று நினைத்தேன். அவர் பாயை விட்டு எழவில்லை.

“அப்போ நான் எத்தனை தரம் செத்தேன்?”

“மூணு தரம் மாமா.”

“எப்போ?”

“ஆத்தைக் கடக்கறப்போ ஒரு தரம். ஜொரத்துல ஒரு தரம். காவல்ல தூங்கினதுக்கு ஒங்களை ஒங்க ஆளே அடிச்சுக் கொன்னுட்டா, அது ஒரு தரம்.”

“பயந்து பயந்து நின்னேனேடா. எல்லாம் சும்மாவா?”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கருணை என்று நினைத்துச் செய்தது அவருடைய இருபத்தோரு வருஷத்தையும் பொம்மலாட்டமாக்கிவிட்டது.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “போய்ப் பாக்கலாம் வா. ஆனா ஒண்ணு. இந்தத் தரம் நான் செத்தா நீ தொடப்படாது. சத்தியம் பண்ணு.” பண்ணினேன்.

அன்று சாயங்காலம் வழக்கமான நாலு மணிக்கு, சேவ் பண்ணின ஞாயிற்றுக்கிழமைக்குப் போனோம். லச்சு கூடாரத்தில் முனகிக்கொண்டிருந்தான். “இருக்கான்!” என்று மாமா என் முதுகில் ஓங்கி அடித்தார். சிப்பாய் காவலுக்குப் போனான். ஆறு மணி ஆயிற்று. மாமா எழுந்திருக்கவில்லை. நாற்பது வருஷத்தில் தேஹண்ட நாளில்கூட அவர் சந்தியை விட்டதில்லை. “இன்னிக்கு ஒரு நாள் க்ஷமிக்கட்டும்” என்று மேற்குப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார்.

ஆறேகாலுக்கு வந்தார்கள். ஆறு பேர். ஓடிவிட வழி இருந்தது, பின்னால் கதவு திறந்திருந்தது. “ஓடிடுங்கோ மாமா, நெலம் இருக்கு, இன்னும் நாலு வருஷம்தான்!” என்று நானே கத்தினேன். மாமா வாசலை விட்டு நகரவில்லை. சத்தம் கேட்டு முகாம் விழித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடிவர அரை நிமிஷம் ஆயிற்று. அந்த அரை நிமிஷத்தில் மாமாவின் சிப்பாய் வாசலிலேயே விழுந்தான். எதிரிகள் உள்ளே போக முடியவில்லை.

என் கை தன்னால் மவுஸுக்குப் போயிற்று. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். “லச்சு?”

“உசிரோட இருக்கான் மாமா.”

நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். “செரி, லிஸ்ட்டை எடு. தேங்காய் எத்தனை எழுதியிருக்கே?”

“மாமா... தீட்டு?”

“அவன் போனாத்தானே எனக்குத் தீட்டு? போனது நானாக்கும். செத்தவனுக்கு ஏதுடா தீட்டு?”

வெள்ளிக்கிழமை ராஜி கல்யாணத்துச் சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் இல்லை, ரகசியச் சொல் இல்லை. பாயசம் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கடைசிப் பந்தி எழுந்த பிறகு மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்தபடி மெல்லக் கேட்டார்.

“எடா அம்பி, நான் இல்லாட்டாலும் லச்சு மிச்சம் நாலு வருஷத்தை முடிப்பானோ? அவனுக்கு நெலம் குடுப்பாளோ?”

நம்முடைய சிப்பாய் செத்தால் அந்த விளையாட்டு அத்தோடு முடிந்துபோகும். அதற்கப்புறம் லச்சுவும் இல்லை, நாலு வருஷமும் இல்லை. இனிமேல் அவரிடம் ஒன்றையும் மறைப்பதில்லை என்று இரண்டு நாளைக்கு முன்புதான் தீர்மானம் பண்ணியிருந்தேன்.

“கண்டிப்பாக் குடுப்பா மாமா” என்றேன்.

“அது போறும்” என்று மாமா சந்தோஷமாகக் காலை நீட்டிக்கொண்டார். அவரிடம் நான் சொன்ன அந்தப் பொய் எப்படியாவது நிஜமாகவேண்டும் என்று, கல்யாண வீட்டின் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், நான் மனமார வேண்டிக்கொண்டேன்.